ராயப்பன் தூங்கியதாக நான் சொன்னது

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று முதல்முறையாக ஓட்டுநர் இல்லாத வாடகைக் காரில் போனோம். வாசலில் தானே வந்து நின்றது. கைப்பேசியில் தொட்டதும் கதவு திறந்தது. ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லி வரவேற்றது. சண்முகவேல் என்ற பெயரை இவ்வளவு சிரமப்பட்டு யாரும் சொன்னதில்லை.

பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்தபோது, வகுப்பில் மேசைமேல் காந்தத்தை நகர்த்திக் காட்டினால் இரும்புத்தூள் எழுந்து நிற்குமே, அப்போது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டேன்.

மனைவி உலகம்மாளுக்கு முழங்கால் வலி. செவ்வாயும் வியாழனும் பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டும். மகன் நாதனும் மருமகள் சுபாவும் காலை ஏழரைக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று மாதமாக எங்களைக் கூட்டிப்போனவர் ராயப்பன். தூத்துக்குடிக்காரர். அமெரிக்காவில் இந்தப் பீனிக்ஸ் நகரத்துப் பக்கம் தமிழ் வீடுகளில் இருக்கும் வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவது அவர் பிழைப்பு. இனி அவர் வேண்டாம் என்று போன வாரம் நாதனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டான். ஒரு காரணம் சொன்னேன்.

வண்டி கிளம்பியதும் உலகம்மாள், "டிரைவர் எங்க?" என்றாள். இந்த வண்டிக்கு டிரைவர் கிடையாது என்று விளக்கினேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை. ஐந்து முறையும் பொறுமையாகவே பதில் சொன்னேன். அதைக் காதில் வாங்க வேறு யாரும் இல்லை. இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

போனோம். வந்தோம். நிம்மதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாட்குறிப்பிலாவது உள்ளதை எழுத வேண்டும்.

உலகம்மாள் திருநெல்வேலி தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டர். கல்யாணமான புதிதில் டவுனில் எந்தக் கடையின் பெயரைச் சொன்னாலும் எண்ணைச் சொல்லிவிடுவாள். என் நண்பர்கள் பந்தயம் கட்டித் தோற்பார்கள். அப்படிப்பட்டவளுக்குப் போன ஜனவரியில் எங்கள் தெரு மறந்தது. பிறகு கிழமைகள். பிறகு அடுப்பை அணைப்பது. யாருக்கும் தெரியாது. பதில் சொல்ல அவள் தடுமாறும்போது நான் முந்திக்கொள்வேன். வீட்டில் எல்லாரும் "அப்பா அம்மாவைப் பேசவே விட மாட்டார்" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நவம்பர் பன்னிரண்டு ஊருக்கு விமானம். அதுவரை தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். ஒரு பையன் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று ஒரு வாத்தியார் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அடுத்த வருட வாத்தியார் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார், பையனைப் பார்க்க மாட்டார். என் மனைவியை அப்படி யாரும் பார்க்கக் கூடாது.

ராயப்பன் பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

அவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்பார். "உலகக்கா, இன்னைக்கு என்ன கெழம?" "காலைல என்ன பலகாரம்?" நான் பதில் சொன்னால், "சார், நீங்க சும்மா இரிங்க. பரீட்ச அக்காவுக்கு, நீங்க பிட்டு குடுக்காதீங்க" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். எனக்குத்தான் உடம்பு கூசும். ஆசிரியர் தொழில் செய்தவனுக்குத் தெரியாதா, சோதிப்பதற்காகக் கேட்கும் கேள்வி எது என்று?

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவள் இறங்கிய இடத்தில் இருக்கை நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்றேன். "ஆமா சார், பாட்டில் மூடி சரியில்ல" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். அடுத்த முறை வண்டி வந்தபோது, அவள் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பூந்துவாலை விரித்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. துவாலையை மடித்து முனையைச் செருகியிருந்த அழகை இப்போதும் மறக்க முடியவில்லை.

அந்தத் துவாலையின்மேல் அவளை உட்கார வைக்க என்னால் முடியவில்லை. அன்று மாலைதான் நாதனிடம் பேசினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

திரும்பும்போது உலகம்மாள் முன்கதவைத் திறந்து இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். நம் ஊரில் அது பக்கத்து இருக்கை. இங்கே அது ஓட்டுநர் இருக்கை. வண்டி அசையவில்லை. அந்தப் பெண் குரல் மரியாதையாகத் திரும்பத் திரும்பச் சொன்னது. "அந்தப் பிள்ள என்ன சொல்லுது?" என்றாள். பத்து நிமிடம் கெஞ்சிப் பின்னால் கொண்டுவந்தேன். நல்ல வெயில்.

ராயப்பன் இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து இறக்கியிருப்பார். இது வெறும் தகவல். அவர் வேண்டும் என்று எழுதவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது நாதன் சொன்னான், நான் சொன்னதைத் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டானாம். மற்ற வீடுகளிலும் பெரியவர்கள் இருக்கிறார்களே, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தப்பில்லையா என்றான். நான்கு வீடுகள் ராயப்பனை நிறுத்திவிட்டனவாம். "நல்லவேளை நீங்க கவனிச்சீங்கப்பா" என்றான் என் மகன். பொறுப்புள்ள பையன். அப்படித்தான் வளர்த்தேன்.

இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 27, சனி

இந்தியக் கடையில் ராயப்பன். முருங்கைக்காய்களுக்கு அந்தப் பக்கம் நின்றார். "அக்கா எப்படி இருக்காக சார்?" என்று கேட்டார். அதை மட்டும்தான் கேட்டார். நலம் என்று சொல்லிவிட்டு, வாங்கத் தேவையில்லாத காய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் போகிற வரைக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுபா இரண்டு கார்களுக்கும் சந்தனம் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தெருவில் அந்த ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்று யாருக்கோ காத்து நின்றது. உலகம்மாள் குங்குமக் கிண்ணத்தோடு அதை நோக்கி நடந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "பாவம், அதுக்கு வைக்க யாரும் இல்லல்லா" என்றாள்.

அக்டோபர் 4, சனி

இன்று எழுத முடியாது.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதுகிறேன்.

நேற்றுத் தமிழ்ச் சங்கத்தில் விஜயதசமி விழா. குழந்தைகளுக்கு அரிசியில் எழுத்து எழுதிக்கொடுக்கவும், பெற்றோர்களுக்குக் கால்மணி நேரம் பேசவும் என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றுப் பதினான்கு வருடம் கழித்து மேடை. இரண்டு நாள் குறிப்பெடுத்திருந்தேன்.

உலகம்மாள் முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "நீ யாரு பிள்ள மக?" என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை அந்தப் பெண் சிரித்த சிரிப்பு எனக்குப் புரிந்தது. பிறகு யாருடைய கைப்பேசியோ மணியடித்தது. உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையில் இருந்த காலத்துக் கணீர்க் குரலில், "நம்பர் ப்ளீஸ்" என்றாள். இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

இன்னும் சற்று நேரத்தில் நான் மேடையில் இருப்பேன், அவள் கீழே இருப்பாள். முந்திக்கொண்டு பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதை மட்டும்தான் நினைத்தேன். நாதன் ஒலிபெருக்கி வேலையில் இருந்தான். சுபா குழந்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். இருவரிடமும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, அந்த வண்டியை அழைத்தேன்.

பின்னிருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினேன். வீட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். வீடு வந்ததும் இறங்கி உள்ளே போய் உட்கார், பின்னாலேயே வந்துவிடுவேன் என்றேன். அவள் காலியான முன்னிருக்கையைப் பார்த்தாள்.

"டிரைவர் வரட்டுங்க. அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

நம் ஊரில் தனியாகப் போகிற பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "பாத்து எறக்கிவிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுத்தானே வருவோம்? நாற்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அப்படிச் சொல்லாமல் அவளை நான் ஏற்றிவிட்டதில்லை. நேற்று யாரிடம் சொல்வது? கதவைச் சாத்தினேன். வண்டி அழகாக, சத்தமில்லாமல் போயிற்று.

உள்ளே வந்து பேசினேன். தம்ளர்மேல் அட்டை, அட்டைமேல் நாணயம், அட்டையைச் சுண்டினால் நாணயம் தம்ளருக்குள் விழும், இதுதான் நிலைமம் என்று காட்டினேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அமைதியில் வைத்திருந்த கைப்பேசியைப் பிறகுதான் எடுத்தேன். தெரியாத ஓர் எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள்.

அத்தை எங்கே என்று சுபா கேட்டாள். தலைவலி, வீட்டுக்கு அனுப்பினேன் என்றேன். "யார் கூட மாமா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டு வாசலில் ராயப்பனின் கார் நின்றது. உள்ளே சோபாவில் உலகம்மாள். காலையில் கட்டிய பட்டுச்சேலை இல்லை, வீட்டுச்சேலை. ராயப்பனின் மனைவி மெற்றில்டா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை அலசிக் கொல்லையில் காய்ந்தது.

நாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள் என்று ராயப்பனிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டான். ராயப்பன் நடந்ததைச் சொன்னார். வண்டி வீட்டுக்குச் சரியாக வந்து நின்றிருக்கிறது. அவள் இறங்கவில்லை. அந்த நிறுவனத்தின் உதவியாளர் ஒருவர் வண்டிக்குள்ளேயே குரல் கொடுத்து விசாரித்திருக்கிறார். எனக்கு அழைத்து அழைத்துப் பார்த்து, கடைசியில் வேறு யாரையாவது அழைக்கலாமா என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அவள் "ஹோல்ட் ஆன்" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, ஆபரேட்டர் ஆங்கிலத்தில் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். ராயப்பனின் எண்.

"ஏன் அத்தை நீங்க இறங்கல?" என்று சுபா அழுதுகொண்டே கேட்டாள்.

"டிரைவர் இறங்கச் சொல்லலியே" என்றாள் உலகம்மாள்.

கிளம்பும்போது ராயப்பன் வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"சார், எந்த ரோட்டுல நான் கண்ணசந்தேன்? சொன்னீங்கன்னா திருத்திக்கிடுவேன்."

நாதன் என்னைப் பார்த்தான். தோளில் பொன்னாடை அப்படியே கிடந்தது. "அத அப்புறம் பேசிக்கிடலாம்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அதே சொற்கள்.

அக்டோபர் 6, திங்கள்

ஆகஸ்டில் நாதனிடம் நான் சொன்னது இது: "ராயப்பன் வண்டி ஓட்டும்போது கண்ணசருகிறார். இரண்டு முறை பார்த்தேன்." ஓர் ஓட்டுநரைப் பற்றி இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். அதிகம் பேசுகிறார் என்று சொன்னால் நாதன் சிரித்துவிட்டு விட்டுவிடுவான் என்று தெரியும்.

அக்டோபர் 8, புதன்

நாதனிடம் சொன்னேன். முதலில் அம்மாவைப் பற்றி. "எத்தனை மாசமாப்பா?" என்றான். ஒன்பது மாதம் என்றேன். விரல் விட்டு எண்ணுகிறவன் போலக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ராயப்பன். பொய் என்றேன். ஏன் என்று கேட்டான். எதையும் ஓர் உதாரணம் சொல்லி விளக்கிவிடுவது என் வழக்கம். தேடினேன், ஒன்றும் வரவில்லை. "அவர் துவாலை விரிச்சு வச்சிருந்தார்" என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது. எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினான்.

அக்டோபர் 11, சனி

ராயப்பன் வீட்டுக்கு நடந்தே போனேன். நாதன் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். இரண்டு மைல். நடுவில் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

மெற்றில்டா தண்ணீர் கொடுத்தாள். ராயப்பன் எதிரே உட்கார்ந்தார். நான் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட வந்து சொல்லுதீங்க. நான் தூங்கலன்னு எனக்குத் தெரியும்லா சார்."

நாதனைக் குழுவில் எழுதச் சொல்கிறேன் என்றேன். வாயால் சொன்ன ஒரு சொல் நான்கு வீட்டுக் கதவுகளைச் சாத்தியதே, அது முதலில் நாதன் வாயிலிருந்தா வந்தது என்று கேட்டார். மெற்றில்டா உள்ளேயிருந்து, போதும் விடுங்க, வயசானவரு என்றாள். "வயசானவரு சொன்னா எல்லாரும் நம்புதாக. அதான் விஷயம்" என்றார் ராயப்பன்.

வாசல் வரை வந்து, அவளுக்கு அந்த எண் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"டெலிபோன்ல இருந்தவுகன்னு அக்காதான் சொன்னாக. பேரு நிக்கல, கெழம நிக்கல. நம்பர் நிக்குமான்னு ஒருநாள் கேட்டுப் பாத்தேன். நின்னுச்சு. அதான் ஒவ்வொரு தடவையும் இறங்கையில ஒப்பிக்கச் சொல்லுவேன். நீங்க அப்போ பயிற்சி எடத்து கவுண்டர்ல பில் கட்ட நிப்பீங்க."

வாத்தியார் நான். வகுப்பு எடுத்தவர் அவர்.

அக்டோபர் 14, செவ்வாய்

நாதன் விடுப்புப் போட்டு அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனான். கேள்வி கேட்டார்கள். நான் முந்திக்கொள்ளக் கூடாது என்று நாதன் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவள் பல கேள்விகளுக்குத் தப்பாகச் சொன்னாள், சிலவற்றுக்குச் சரியாகச் சொன்னாள். சரியாகச் சொல்வாள் என்று நான் நினைத்தே பார்க்காத சிலவும் இருந்தன. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். நவம்பர் பயணத்தைத் தள்ளிப்போட்டாயிற்று.

அக்டோபர் 18, சனி

தமிழ்ச் சங்கத்தில் தீபாவளி ஒன்றுகூடல். பேச நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். செயலாளர், "சார், அந்த நாணய டெமோவா? பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். இல்லை என்றேன்.

உலகம்மாளை முதல் வரிசையில்தான் உட்காரவைத்தேன். ராயப்பனும் மெற்றில்டாவும் கடைசியில் நின்றார்கள். நாதன் அழைத்திருந்தான். குறிப்பு எதுவும் எடுத்துப் போகவில்லை. மூன்று வாக்கியம்தான்.

என் மனைவிக்கு மறதி நோய். அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, ராயப்பன் வண்டி ஓட்டும்போது தூங்கினார் என்று பொய் சொன்னேன். அவர் ஒருநாளும் தூங்கவில்லை.

வாழ்நாள் முழுக்க வகுப்பு அமைதியாக வேண்டும் என்று மேசையைத் தட்டியிருக்கிறேன். இப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. யாரோ ஒருவர் பேச்சு முடிந்த பழக்கத்தில் கைதட்டத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். ஒரு குழந்தை மிக்சர்த் தட்டைக் கீழே போட்டது. இறங்கிவரும்போது சிலர் வழிவிட்டார்கள். தேவைக்கு மேலாகவே வழிவிட்டார்கள்.

விஜயதசமி விழாவில் உலகம்மாள் மூன்று முறை யார் என்று கேட்ட அந்தப் பெண் எழுந்துவந்து உலகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே தன் பெயரைச் சொன்னாள். சற்று நேரம் கழித்து மறுபடி சொன்னாள்.

நாதனும் சுபாவும் பாத்திரங்களைக் காலிசெய்து கழுவ நின்றுவிட்டார்கள். எப்படிப் போவது என்று கைப்பேசியை எடுத்தேன். ராயப்பன் வந்தார். என்னிடம் வரவில்லை, அவளிடம் போனார்.

"உலகக்கா, போவமா?"

"நீங்கதான் டிரைவரா?" என்றாள் அவள்.

"ஆமாக்கா. சாட்சாத் டிரைவர்தான்."

பின்கதவைத் திறந்து அவளை ஏற்றினார். துவாலை விரித்திருந்தது. அதன்மேல் உட்கார்ந்து அவள் காலை நீட்டிக்கொண்டாள். நானும் பின்னால் ஏறப் போனேன். ராயப்பன் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க முன்னால உக்காருங்க சார். நான் தூங்குதேனான்னு பாத்துக்கிட்டே வாங்க."

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன்.

சொன்னபடி செய்தேன். வீடு வரும் வரை அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையைப் பார்த்தன. கண்ணாடியில் உலகம்மாளைப் பார்த்தன. மறுபடி சாலை, மறுபடி உலகம்மாள். என் பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை.